கிரீன்லாந்து துடுப்பு: இடது பக்கம் மட்டும் பிளேடு படபடப்பது ஏன்?

அலைவாய்:

வணக்கம். கயாக் (இரு முனையிலும் பிளேடு உள்ள துடுப்பால் உட்கார்ந்தபடி வலிக்கும் குறுகிய படகு) ஓட்ட, அகலப் பிளேடு கொண்ட ஐரோப்பியத் துடுப்பிலிருந்து, குறுகி நீண்ட பிளேடு கொண்ட கிரீன்லாந்து துடுப்புக்கு மாறியிருக்கிறேன். நேராக முன்னே போகும் சாதாரண இழுப்பிலேயே சிக்கல்.

துடுப்பு வெஸ்டர்ன் ரெட் சீடார், ஒரே கட்டையில் செதுக்கியது. மொத்த நீளம் 218 செ.மீ. நடுத்தண்டு 50 செ.மீ. பிளேடு அடியில் 4 செ.மீ., நுனியில் 8.8 செ.மீ. அகலம். தோள் வெட்டாத வகை, தண்டு மெல்ல மெல்ல விரிந்து பிளேடாகிறது. கயாக் 5.2 மீட்டர் நீளம், 55 செ.மீ. அகலம். என் உயரம் 172 செ.மீ. பழைய துடுப்பு 60 டிகிரி முறுக்கு வைத்தது (இரண்டு பிளேடும் ஒன்றுக்கொன்று அவ்வளவு திரும்பியிருக்கும்), வலது கைக் கட்டுப்பாடு (தண்டைத் திருப்புவது வலது கை).

இடது பக்கம் கொஞ்சம் அழுத்தி இழுத்தாலே பிளேடு நீருக்குள் படபடவென்று அடிக்கிறது. வலது பக்கம் அவ்வளவு இல்லை. இரண்டு பக்கமும் ‘களக்’ என்று ஒரு சத்தம், பின்னாலேயே குமிழி. துடுப்பை வெளியே எடுக்கும்போது தண்ணீரையும் அள்ளிக்கொண்டு வருகிறது. ஐந்தாறு கிலோமீட்டர் தாண்டினால் வலது மணிக்கட்டின் மேல்புறம் வலிக்கத் தொடங்கிவிடுகிறது.

பிளேடை எவ்வளவு சாய்க்க வேண்டும்? மேல் கையை உயர்த்தி, துடுப்பைச் செங்குத்தாகப் போட்டால் சரியாகுமா? அல்லது துடுப்பைச் செதுக்கியதிலேயே கோளாறா?


சீடார்கட்டை:

அளவில் கோளாறு இல்லை. கிரீன்லாந்தில் துடுப்பை அவரவர் உடம்பை வைத்தே அளந்தார்கள். நம் கணக்கில் சொன்னால் ஒரு பாகமும் ஒரு முழமும்: இரண்டு கையையும் விரித்த நீளம், அதோடு முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. உங்களுக்கு 172 + 46 = 218. பிளேடின் அகலம் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடிக்குள் அடங்க வேண்டும். 8.8 பெரும்பாலான கைகளுக்கு அடங்கும்.

முதலில் ஒரு சோதனை. இரண்டு நிமிடம் போதும். துடுப்பைத் தலைமாற்றிப் பிடியுங்கள், இடது நுனி வலது பக்கம் வரட்டும். அதே வேகத்தில் ஐம்பது இழுப்பு போடுங்கள். படபடப்பு வலது பக்கத்துக்கு நகர்ந்தால் குற்றம் மரத்தில். இடது பக்கத்திலேயே நின்றால் குற்றம் கையில். இது தெரியாமல் உளியையோ உப்புத்தாளையோ தொடாதீர்கள்.

இனி சாய்வு. பிளேடு நீருக்குள் நேர்க்குத்தாக நின்றால் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் சுழல்கள் மாறி மாறிக் கழன்று போகும். ஒவ்வொன்றும் பிளேடை ஒரு பக்கம் தள்ளும். அதுதான் உங்கள் படபடப்பு. மேல் விளிம்பைக் கயாக்கின் மூக்கு நோக்கிச் சற்றே சாய்த்துவிட்டால் நீர் எப்போதும் ஒரே திசையில் வழுக்கிப் போகும், பிளேடு அடங்கிவிடும். அதோடு, சாய்ந்த பிளேடு பின்னே இழுக்கப்படும்போது தானாகவே கீழே முங்கும். நீங்கள் அழுத்த வேண்டியதில்லை.

எவ்வளவு என்றால், 20 முதல் 35 டிகிரிக்குள் உங்கள் பிளேடுக்கும் வேகத்துக்கும் ஏற்ற ஓர் இடம் இருக்கும். கோணமானி தேவையில்லை. இரண்டு கையையும் தோள் உயரத்தில் முன்னே நீட்டி, மணிக்கட்டை மடக்காமல், பிளேடு நேர்க்குத்தாக நிற்கும்படி பிடியுங்கள். பிடியை மாற்றாமல் கைகளை அப்படியே மடிக்கு இறக்குங்கள். இப்போது மேல் விளிம்பு முன்னே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு மணிக்கட்டு நேராக இருப்பதாலேயே கிடைக்கிறது, யாரும் முறுக்கிக் கொண்டுவர வேண்டியதில்லை. பெரும்பாலானோருக்கு இதுவே போதும். நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்கும் முதல் சில இழுப்புகளுக்குச் சாய்வு கொஞ்சம் கூடவே வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் பிளேடின் மேல் பாரம் அதிகம்.

சாய்வு கூடிப்போனாலும் தெரியும்: பிளேடு ஆழத்துக்குள் ஓடப் பார்க்கும், கீழ்க் கையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும், படகு ஒவ்வோர் இழுப்புக்கும் அந்தப் பக்கம் சரியும். அப்போது ஐந்து டிகிரி குறையுங்கள்.


நெடுந்துடுப்பு:

மேலே சொன்ன தலைமாற்றுச் சோதனையைச் செய்யுங்கள். ஆனால் கேள்வியிலேயே விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. “60 டிகிரி முறுக்கு, வலது கைக் கட்டுப்பாடு” என்கிறீர்கள். வலிப்பது வலது மணிக்கட்டு. படபடப்பது இடது பிளேடு. மூன்றும் ஒரே விஷயம்.

முறுக்கு வைத்த துடுப்பில், இடது பிளேடு நீரில் சரியாக இறங்க வலது மணிக்கட்டை ஒவ்வொரு முறையும் பின்னால் மடக்க வேண்டும். கை அதைப் பழகிவிட்டது. கிரீன்லாந்து துடுப்பில் இரண்டு பிளேடும் ஒரே தளத்தில் இருக்கின்றன. இங்கேயும் அதே மாதிரி மடக்கினால் தண்டு உங்களை நோக்கி உருளும், இடது பிளேடின் மேல் விளிம்பு பின்னால் சாயும். அதாவது சாய்வு பூஜ்யத்துக்கு வரும், அல்லது தலைகீழாகிவிடும். தலைகீழான சாய்வில் இழுத்தால் பிளேடு முங்குவதற்குப் பதிலாக மேலே ஏறும், கூடவே படபடக்கும். வலது பக்க இழுப்பில் அந்த மடக்கு இல்லை, அதனால் அங்கே தொல்லை குறைவு.

உறுதிப்படுத்த ஒரு வழி: தண்டின் நடுவில், சரியான சாய்வில் பிடித்திருக்கும்போது உச்சியில் வரும் கோட்டின் மேல் 10 செ.மீ. நீளத்துக்கு நிறமுள்ள டேப் ஒட்டுங்கள். மெதுவாக வலித்துக்கொண்டே அதை மட்டும் பாருங்கள். இடது இழுப்பில் டேப் உங்கள் முகத்தை நோக்கித் திரும்புகிறதா? திரும்பினால் மணிக்கட்டுதான். இரண்டு பக்கமும் டேப் அதே இடத்தில் நிற்க வேண்டும். தண்டு உருளக் கூடாது.

மாற்றிக்கொள்ள வழி பிடியில் இருக்கிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் தண்டைச் சுற்றி ஒரு வளையமாக இருக்கட்டும். மற்ற மூன்று விரல்களும் பிளேடின் அடியின் மேல் சும்மா படிந்திருக்கட்டும். தண்டின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகச் செதுக்கப்படுவதும் இதற்காகத்தான், பார்க்காமலே பிளேடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று உள்ளங்கை அறியும். கீழ்க் கை இந்த வளையத்தால் இழுக்கிறது. மேல் கையில் விரல்கள் திறந்தே இருக்கலாம், உள்ளங்கையின் அடிப்பகுதி தண்டின் மேல் இருந்தால் போதும். இறுக்கிப் பிடிக்காத கை தண்டை உருட்ட முடியாது.

மேல் கையை உயர்த்தலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். உயர்த்தினால் பிளேடு செங்குத்தாகி ஆழத்துக்குப் போகும், ஆனால் முன்னங்கைக்கும் பிளேடுக்கும் உள்ள கோணம் மாறி, இயல்பாகக் கிடைக்கும் சாய்வு போய்விடும். மேலே தூக்கிய நுனியிலிருந்து தண்ணீர் தண்டு வழியே சட்டைக் கைக்குள் வழியும். மேல் கை நெஞ்சுக்குழிக்கும் தோளுக்கும் நடுவே இருக்கட்டும், தோளைத் தாண்ட வேண்டாம். 60 செ.மீ.க்கு மேல் அகலமான கயாக்கில் பக்கவாட்டை எட்டிப்போட வேண்டியிருப்பதால் கையை உயர்த்தாமல் முடியாது. உங்களுடையது 55, அந்தக் கவலை இல்லை.


அலைவாய்:

நன்றி. தலைமாற்றிப் பார்த்தேன், படபடப்பு இடது பக்கத்திலேயே நின்றது. டேப்பும் நீங்கள் சொன்னபடியே இடது இழுப்பில் என்னை நோக்கித் திரும்புகிறது. விரல்களைத் திறந்து வலித்தால் படபடப்பு நின்றுவிட்டது.

ஆனால் ‘களக்’ சத்தமும் குமிழியும் அப்படியே இருக்கின்றன, இரண்டு பக்கமும். தண்ணீரை அள்ளுவதும் நிற்கவில்லை. பழைய துடுப்பின் வேகமும் வரவில்லை. சாய்வை இன்னும் கூட்ட வேண்டுமா?


வடகாற்று:

சாய்வைத் தொடாதீர்கள், அது சரியாகிவிட்டது. சத்தத்துக்குக் காரணம் வேறு. பிளேடு முழுதாக நீருக்குள் போவதற்கு முன்பே இழுக்கிறீர்கள்.

பாதி முங்கிய பிளேடில் பலத்தைப் போட்டால் அதன் பின்முகத்தில் ஒரு பள்ளம் விழும். மேற்பரப்பிலிருந்து காற்று அதற்குள் இறங்கும். நீங்கள் கேட்கும் ‘களக்’ அந்தக் காற்றுதான். அதன் பிறகு பிளேடின் ஒரு பகுதி நீரைப் பிடிக்காமல் நுரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். வேகம் வராததற்கும் இதுவே பாதிக் காரணம்.

மீதிக் காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். (218 − 50) ÷ 2 = 84 செ.மீ., இது உங்கள் பிளேடின் நீளம். சராசரி அகலம் 6.4 செ.மீ. பரப்பு ஏறக்குறைய 540 சதுர செ.மீ. அகலத் துடுப்பின் சாதாரண நெடும்பயணப் பிளேடோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அங்கே அந்தப் பரப்பு அரை மீட்டருக்குள் சுருண்டிருக்கிறது, நுனியை முக்கினாலே முக்கால்வாசி உள்ளே போய்விடும். இங்கே 84 செ.மீ. நீளத்துக்குப் பரவியிருக்கிறது. அடி வரை முங்காவிட்டால் வாங்கிய பிளேடில் பாதியைத்தான் பயன்படுத்துகிறீர்கள். கீழ்க் கையின் சுண்டுவிரல் நீரைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். அதுவே அளவுகோல்.

ஓர் இழுப்பை நான்கு கட்டமாகப் பிரித்துச் சொல்கிறேன்.

நுழைவு. உடலைத் திருப்பி, பாதத்துக்கும் முழங்காலுக்கும் நடுவே, படகை ஒட்டி, பிளேடைக் கீழ் விளிம்பு முதலாக நீருக்குள் செருகுங்கள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல, அடிக்காமல். சாய்வு இருப்பதால் அது கீழே வழுக்கிக்கொண்டே போகும். தெறிப்பு இருக்கக் கூடாது.

காத்திருப்பு. இதுதான் அகலத் துடுப்பிலிருந்து வருபவர்களுக்குக் கடினம். அங்கே நுனி நீரைத் தொட்டதும் முழு பலத்தையும் போடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கே பிளேடு அடி வரை மறையும் வரை பலமே இல்லை. ஒரு நொடியில் சிறு பங்குதான், ஆனால் அந்த இடைவெளி இருந்தே ஆக வேண்டும்.

இழுப்பு. பலத்தை மெதுவாகக் கூட்டுங்கள். முழங்காலருகே மிதமாக, இடுப்பை நெருங்கும்போது முழுதாக. பிளேடு படகின் பக்கவாட்டை உரசிக்கொண்டு வர வேண்டிய கட்டாயம் இல்லை, உடல் திரும்பும்போது இயல்பாகக் கொஞ்சம் வெளியே விலகும். அதைத் தடுக்காதீர்கள்.

வெளியேற்றம். கீழ்க் கை இடுப்புக்கு வந்ததும் முடிந்தது. நீங்கள் அள்ளும் தண்ணீர், கை இடுப்பைத் தாண்டி இன்னும் இழுத்துக்கொண்டிருப்பதன் விளைவு. இடுப்புக்குப் பின்னே பிளேடின் முகம் மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது, அதற்கப்புறம் அது தண்ணீர் தூக்கும் கரண்டி. அழுத்தத்தை விட்டுவிடுங்கள், தண்டைத் திருகாதீர்கள். சாய்வின் இன்னொரு குணம் இங்கே உதவும்: பின்னே இழுக்கும்போது பிளேடை முங்க வைத்த அதே சாய்வு, இழுப்பு நின்று படகு அதை முன்னே கொண்டுபோகும்போது அதை மேலே ஏற்றும். பிளேடு மேல் விளிம்பு முதலாகத் தானே வழுக்கி வெளியே வரும். கையை லேசாக உயர்த்தினால் போதும்.

பழகும்போது வேகத்தைப் பார்க்க வேண்டாம், சத்தத்தை மட்டும் கேளுங்கள். அமைதியான நீரில், பாதி பலத்தில், ஒரு சத்தமும் ஒரு குமிழியும் இல்லாமல் நூறு இழுப்பு. பிறகு பலத்தைக் கூட்டி, சத்தம் திரும்பும் இடத்தில் நிறுத்திக் குறையுங்கள். இந்தத் துடுப்பு சீல் வேட்டைக்காரர்களின் கருவி. ‘களக்’ என்று கேட்டால் சீல் முங்கிவிடும். சத்தமில்லாத இழுப்புதான் அதற்கு இயல்பான இழுப்பு.


நெடுந்துடுப்பு:

வடகாற்று சொன்னதில் ஒன்றைக் கூட்ட வேண்டும், ஒன்றில் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

கூட்ட வேண்டியது மேல் கை பற்றி. அகலத் துடுப்பில் மேல் கை முன்னே குத்தித் தள்ளும். இங்கே அது தள்ளுவதில்லை, உடலின் குறுக்கே எதிர்ப்பக்கமும் கீழுமாக இறங்குகிறது. கையின் எடையை விழவிடுவது போல. முன்னே தள்ளினால் இழுப்பின் நடுவிலேயே பிளேடு மேலே கிளம்பும், அடி வரை முக்கியது வீணாகும்.

மாறுபடுவது உடலைத் திருப்புவது பற்றி. பாரம்பரியக் கயாக்கில் மேல்தளம் மிகத் தாழ்வு. மாசிக் என்ற வளைந்த குறுக்குச்சட்டம் தொடைகளின் மேல் படிந்திருக்கும், கால்கள் ஏறக்குறைய நேராக நீண்டிருக்கும். முழங்காலை மடக்கி நீட்டி இடுப்பைச் சுழற்ற அங்கே இடமில்லை. அதனால் அந்தப் படகில் பலம் வயிற்றிலிருந்து வருகிறது: இழுப்பின் போது மார்பு சில டிகிரி முன்னே குனிகிறது, கூடவே சிறிய திருப்பம். முழங்கால் உயர்ந்து உட்காரும் இன்றைய கடல் கயாக்கில் காலால் உதைத்துத் திரும்புவது நன்றாகவே வேலை செய்யும். உங்கள் முழங்கால் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தாழ்ந்த படகில் உட்கார்ந்துகொண்டு பந்தய வீரர் மாதிரி சுழலப் பார்த்தால் கீழ்முதுகுதான் நோகும்.

குனிவதிலும் ஓர் எச்சரிக்கை. முன்னும் பின்னும் ஆடினால் படகின் மூக்கு குதிக்கும். மூக்கு குதிப்பது கண்ணுக்குத் தெரிந்தால் குனிவு அதிகம்.


வடகாற்று:

ஒப்புக்கொள்கிறேன். 55 செ.மீ. அகலம், 5.2 மீட்டர் என்றதும் இன்றைய வகைப் படகு என்று எடுத்துக்கொண்டேன். மாசிக் வைத்த படகென்றால் நீங்கள் சொல்வதே சரி.


சீடார்கட்டை:

மரத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அலைவாயின் துடுப்பில் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டது, ஆனால் தலைமாற்றும்போது படபடப்பு பக்கம் மாறுகிறவர்கள் இதைப் படிக்கலாம்.

பிளேடுகள் ஒன்றுக்கொன்று முறுக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துடுப்பைத் தட்டையாக வைத்து, ஒவ்வொரு பிளேடின் மேலும் குறுக்கே ஒரு நேரான குச்சியை வையுங்கள், 40 செ.மீ. நீளம் இருந்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஒரு நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டு குச்சியும் இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கத்துக்குச் சாய்வு கூடவும் மறு பக்கத்துக்குக் குறையவும் கிடைக்கிறது.

அடுத்து விளிம்பு. தடிமன் 3 முதல் 4 மி.மீ., இரண்டு விளிம்பிலும் ஒரே மாதிரி உருண்டையாக. ஒரு விளிம்பு தடித்து மற்றது மெலிந்தால் நீர் ஒரே மாதிரி கழலாது. தடித்த விளிம்பு நுழையும்போது காற்றையும் கூட்டிக்கொண்டு போகும். அதற்காகக் கத்தி போல மெலிதாக்காதீர்கள், சீடார் மென்மையான மரம், பாறையில் ஒரு தட்டுக்கே உடையும். கிரீன்லாந்தில் நுனியிலும் விளிம்பிலும் எலும்புப் பட்டை பதித்ததற்குக் காரணம் பனிக்கட்டி. மரமே இல்லாத கரைகளுக்குச் சைபீரிய ஆறுகளிலிருந்து கடலில் மிதந்து வந்த கட்டைதான் துடுப்பானது. அதை அவர்கள் எளிதில் தேயவிட மாட்டார்கள்.

தோள் வெட்டிய வகையா, வெட்டாத வகையா என்பது உங்கள் கைக்குப் பிடித்ததைப் பொறுத்தது. தோள் இருந்தால் கை தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கும். அதுவே, கையைச் சறுக்கி வலிக்கும்போது தடையாகும்.

பூச்சு: வார்னிஷ் போட்டவர்களின் உள்ளங்கையில் கொப்புளம் வருவதைப் பார்க்கலாம், ஈரமானால் வழுக்கவும் செய்யும். 120, பிறகு 220 எண் தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்ததும் எழும்பும் நாரை மறுபடி 220இல் தேய்த்து, டங் எண்ணெயோ ஆளிவிதை எண்ணெயோ மெல்லிய பூச்சாக மூன்று தடவை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைக்கவே கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப் போடுங்கள்.


அலைவாய்:

காத்திருந்து இழுத்தால் சத்தம் பெரும்பாலும் போய்விட்டது. ஒரே ஒரு கேள்வி மீதம்: பக்கக்காற்றில் படகின் மூக்கு காற்றை நோக்கித் திரும்புகிறது. ஒரு பக்கம் மட்டும் பலமாக இழுத்துச் சமாளிப்பது சரியா?


வடகாற்று:

பலத்தைக் கூட்டினால் மறுபடி காற்றை உள்ளே இழுப்பீர்கள். பலத்தை அப்படியே வைத்து, நெம்பின் நீளத்தை மாற்றுங்கள். இரண்டு கையையும் காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நோக்கித் தண்டின் மேல் 10 முதல் 15 செ.மீ. நகர்த்துங்கள். காற்று வரும் பக்கம் பிளேடு நீட்டம் கூடும், இழுப்பு தானாகவே அகலமான வளைவாகி மூக்கை நேராக்கும். தோள் இல்லாத துடுப்பு உங்களிடம் இருப்பதால் கைக்குத் தடையில்லை. பிடி தளர்வாகவே இருக்கட்டும், நகர்த்திய பிறகு டேப் இன்னும் உச்சியில்தான் நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.